ஃபைல் பாக்ஸ் ஏன் ஸ்கிரிப்ட் சொன்னா கேக்க மாட்டேங்குது? பிரவுசர் ஆட்டோமேஷன்ல அடிக்கடி வர்ற கேள்விகள்

செலினியம், பிளேரைட், சைப்ரஸ்னு பிரவுசரை ஸ்கிரிப்ட் வச்சு ஓட்டுற டூல் எதுல வேலை பாத்தாலும் ஒரு ஃபார்மை ஓட்டி டெஸ்ட் பண்றப்ப இந்த இடத்துல வந்து நிப்பீங்க. பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் கடகடன்னு நிரம்பிடும், ரெஸ்யூம் அப்லோட் பண்ற பாக்ஸ் கிட்ட வந்ததும் ஸ்கிரிப்ட் அப்படியே படுத்துக்கும். புதுசா டெஸ்டிங் பக்கம் வர்றவங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன். எது வேலை செய்யும்னு சொல்றதோட ஏன் இப்படி வச்சிருக்காங்கன்னும் சொல்லியிருக்கேன், ஏன்னா காரணம் புரிஞ்சாதான் அடுத்த தடவை வேற ஒரு கன்ட்ரோல் முரண்டு பிடிக்கிறப்ப எங்க தேடணும்னு உங்களுக்கே தெரியும்.

டெக்ஸ்ட் பாக்ஸ்ல ஜாவாஸ்கிரிப்ட் வச்சு வேல்யூ போட்டா விழுது, அதே லைனை ஃபைல் பாக்ஸ்ல போட்டா எர்ரர் அடிக்குது. என்னோட கோட்ல தப்பா?

கோட்ல தப்பு இல்ல. ஃபைல் வகை இன்புட்டோட வேல்யூவை பேஜ்ல ஓடுற ஸ்கிரிப்ட் மாத்தக் கூடாதுன்னு ஹெச்டிஎம்எல் ஸ்டாண்டர்டுலயே எழுதி வச்சிருக்கு. காலி ஸ்ட்ரிங் கொடுத்தா ஏத்துக்கும், அதாவது ஏற்கனவே எடுத்து வச்ச ஃபைலை நீக்கிடும். வேற எது கொடுத்தாலும் இன்வேலிட் ஸ்டேட் எர்ரர்னு தூக்கி அடிக்கும்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இந்தத் தடை இல்லேன்னா நீங்க ஏதோ ஒரு சைட்டைத் திறந்ததும் அதுல கண்ணுக்குத் தெரியாம ஒரு ஃபைல் பாக்ஸ் வச்சு, அதுல உங்க கம்ப்யூட்டர்ல இருக்குற பாஸ்வேர்ட் ஃபைலோட பாத்தை (ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குங்கிற முகவரியை) ஸ்கிரிப்டே எழுதி, ஃபார்மையும் ஸ்கிரிப்டே சப்மிட் பண்ணிட்டா முடிஞ்சுது, உங்க ஃபைல் அந்த சைட்டை வச்சிருக்குறவன் சர்வர்ல இருக்கும், உங்களுக்கு ஒரு சத்தம் கூட கேட்டிருக்காது. அதனால எந்த ஃபைல் வெளிய போகணும்னு முடிவு பண்ற உரிமை கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்குற ஆளுக்கு மட்டும்தான், பேஜுக்கு கிடையாது.

சில பேரு குறுக்கு வழியா முதல்ல டெக்ஸ்ட் வகைல ஒரு பாக்ஸ் வச்சு பாத்தை எழுதிட்டு அப்புறம் வகையை ஃபைல்னு மாத்திப் பாப்பாங்க. அதையும் யோசிச்சுதான் வச்சிருக்காங்க, வகை மாறுனதும் உள்ள இருந்த வேல்யூ காலியாயிடும்.

சரி, வேல்யூவை படிச்சா சி:\ஃபேக்பாத்\ன்னு ஒரு ஃபோல்டர் வருது. நான் லினக்ஸ்ல இருக்கேன், சி டிரைவே கிடையாதே?

அப்படி ஒரு ஃபோல்டர் எங்கயும் கிடையாது. பழைய பிரவுசர் சிலதுல ஃபைலோட முழு பாத்தையும் பேஜுக்கு கொடுத்துட்டு இருந்தாங்க. முழு பாத்னா உங்க யூசர்நேம், ஃபோல்டர் பேரு எல்லாமே அதுல தெரியும், அதுவே ஒரு தகவல் கசிவுதான். அப்புறம் வெறும் ஃபைல் பேரை மட்டும் கொடுக்கலாம்னு மாத்துனா, பாத்துல பின்சாய்வுக் கோடு இருக்கும்னு நம்பி எழுதுன பழைய பேஜ் எல்லாம் உடைய ஆரம்பிச்சுது. அதனால ரெண்டுக்கும் நடுவுல ஒரு பொய்யான முன்னொட்டை சேத்து எல்லா ஓஎஸ்லயும் ஒரே மாதிரி கொடுக்குறாங்க. உங்க டெஸ்ட்ல இந்த முழு ஸ்ட்ரிங்கை ஒப்பிடாதீங்க, ஃபைல்ஸ் லிஸ்ட்ல இருந்து முதல் ஃபைலோட பேரை எடுத்து ஒப்பிடுங்க.

இதெல்லாம் ரொம்ப பயந்தாங்கொள்ளித்தனமா இல்லையா? நிஜமாவே யாராவது இப்படி ஃபைலை எடுக்க முடியுமா?

எடுக்க முடியும்னு காட்டியிருக்காங்க, அதுவும் தடை இருக்குறப்பவே. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

2000களோட நடுவுல ஃபைர்பாக்ஸ் மாதிரி பிரவுசர்ல ஃபைல் பாக்ஸ்னா பக்கத்துல பிரவுஸ் பட்டனோட ஒரு டெக்ஸ்ட் பாக்ஸும் இருக்கும், அதுல பாத்தை கையால டைப் பண்ணலாம். ஸ்கிரிப்ட் எழுதத்தான் தடை, ஆள் டைப் பண்ண தடை இல்ல. இப்ப தாக்குறவன் என்ன பண்ணுவான்னா, ஒரு கமென்ட் பாக்ஸோ டைப்பிங் கேமோ வச்சு உங்களை நிறைய டைப் பண்ண வைப்பான். ஃபைல் பாக்ஸை பேஜ்ல கண்ணுக்குப் படாத இடத்துல ஒளிச்சு வச்சிருப்பான். அவனுக்கு வேண்டிய எழுத்து உதாரணத்துக்கு பி, ஓ, ஓ, டி. நீங்க கீயை அழுத்துன அந்த நொடியில ஸ்கிரிப்ட் அது என்ன கீன்னு பாக்கும், வேண்டிய எழுத்தா இருந்தா சட்டுன்னு ஃபோகஸை (டைப் பண்றது எந்த பாக்ஸ்ல விழணுங்கிறதை) ஃபைல் பாக்ஸுக்கு மாத்தும், எழுத்து அங்க போய் விழும், உடனே ஃபோகஸ் திரும்ப கமென்ட் பாக்ஸுக்கு வந்துடும். வேண்டாத எழுத்து எல்லாம் கமென்ட் பாக்ஸ்லயே விழும். நீங்க ஒரு பத்தி டைப் பண்ணி முடிக்கிறதுக்குள்ள அங்க ஒரு முழு பாத் உங்க விரலாலயே எழுதப்பட்டிருக்கும், பிரவுசர் கணக்குல அது சுத்தமா யூசர் டைப் பண்ணது.

இந்த ஓட்டையை ஒவ்வொரு தடவை அடைச்சப்பவும் ஃபோகஸை மாத்த வேற வழி கண்டுபிடிச்சாங்க. 2008 பிப்ரவரில மோசில்லா வெளியிட்ட ஒரு செக்யூரிட்டி அறிவிப்பே இந்த ஃபைல் பாக்ஸ் ஃபோகஸ் திருட்டைப் பத்தினதுதான். அதே வருஷம் வந்த ஃபைர்பாக்ஸ் 3ல ஃபைல் பாக்ஸ்ல டைப் பண்றதையே எடுத்துட்டாங்க, கிளிக் பண்ணா டயலாக் மட்டும்தான் வரும். இன்னிக்கு வெறும் பட்டனும் பக்கத்துல ஃபைல் பேருமா இருக்கே, அதுக்குப் பின்னாடி இவ்வளவு இருக்கு. அதனால இந்தத் தடையை பயந்தாங்கொள்ளித்தனம்னு என்னால சொல்ல முடியாது.

அப்ப செலினியத்துல செண்ட் கீஸ் (ஒரு எலிமென்ட்ல டைப் பண்ணச் சொல்ற கமாண்ட்) கொடுத்தா மட்டும் எப்படி வேலை செய்யுது?

இதுதான் முக்கியமான கேள்வி, இது பிடிபட்டா மத்த பாதி கேள்வி தேவையே இல்ல. பிரவுசர் சந்தேகப்படுறது பேஜை. உங்களை இல்ல. செலினியம் பிரவுசரை ஓட்ட யூஸ் பண்ற வெப்டிரைவர் பேஜுக்குள்ள இருந்து பேசல, பிரவுசருக்கு வெளிய இருந்து, கீபோர்டும் மவுஸும் வச்சிருக்குற ஆளோட இடத்துல இருந்து பேசுது. வீட்டுக்கு வந்த விருந்தாளி நம்ம பீரோவைத் திறக்கக் கூடாது, வீட்டுக்காரர் திறக்கலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

செலினியமே ஆரம்பத்துல விருந்தாளி பக்கம்தான் இருந்துச்சு. 2004ல சிகாகோல தாட்வொர்க்ஸ் கம்பெனில ஜேசன் ஹக்கின்ஸ் எழுதினப்ப அது முழுக்க ஜாவாஸ்கிரிப்ட், டெஸ்ட் பண்ற பேஜுக்குள்ளயே போய் உக்காந்து ஓடும். அதனால பேஜுக்கு இருந்த எல்லா கட்டுப்பாடும் அதுக்கும் இருந்துச்சு, வேற டொமைன் போனா நிக்கும், ஃபைல் பாக்ஸ் கிட்ட போனா ஃபைர்பாக்ஸ்ல செக்யூரிட்டி எர்ரர் கோட் 1000ன்னு வரும். அந்த நாள்ல ஃபைர்பாக்ஸோட பிரிவிலேஜ் மேனேஜர்ல யுனிவர்சல் ஃபைல் ரீட்னு ஒரு அனுமதி கேட்டு வாங்குறது, செட்டிங்க்ஸ்ல செக்யூரிட்டியைத் தளர்த்துறதுன்னு என்னென்னமோ பண்ணாங்க. சைமன் ஸ்டீவர்ட் ஆரம்பிச்ச வெப்டிரைவர் வெளிய இருந்து பிரவுசரை ஓட்டுற வழியை எடுத்துக்கிச்சு, 2011ல செலினியம் 2ல ரெண்டும் ஒண்ணாச்சு, 2018 ஜூன்ல வெப் ஸ்டாண்டர்டுகளை வகுக்குற டபிள்யூ3சி அமைப்பு அதை ஸ்டாண்டர்டாவே அறிவிச்சாங்க. அந்த ஸ்டாண்டர்ட்ல ஃபைல் இன்புட்டுக்கு செண்ட் கீஸ் வந்தா அதை எழுத்தா எடுத்துக்காம ஃபைல் பாத்தா எடுத்துக்கணும்னு தனியாவே சொல்லியிருக்கு. பிளேரைட்டோட செட் இன்புட் ஃபைல்ஸ், அதே மாதிரி இன்னொரு டூலான பப்பெட்டியரோட அப்லோட் ஃபைல் எல்லாமே இதே மாதிரி வெளிய இருந்து கொடுக்குறதுதான்.

செண்ட் கீஸ் கொடுத்தேன், அப்பவும் வேலை செய்யல.

முதல்ல அதுக்கு முன்னாடி கிளிக் பண்றீங்களான்னு பாருங்க. பண்ணவே கூடாது. அப்லோட் பட்டனைக் கிளிக் பண்ணா ஓஎஸ்ஸோட டயலாக் திறந்துக்கும், அதை செலினியத்தால மூடவும் முடியாது தொடவும் முடியாது.

அடுத்து, எந்த எலிமென்ட்டுக்கு அனுப்புறீங்க? அழகா இருக்குற அப்லோட் பட்டனுக்கு அனுப்பிட்டு இருப்பீங்க, நிஜ இன்புட் அதுக்குப் பின்னாடி டிஸ்பிளே நன்னு (திரைல காட்டாதேங்கிற ஸ்டைல்) மறைஞ்சு கிடக்கும். இழுத்துப் போடுற டிராப் ஏரியாவுலயும் பெரும்பாலும் ஒளிஞ்ச இன்புட் ஒண்ணு இருக்கும், டிராப்சோன் லைப்ரரி அதை பாடியோட கடைசில கொண்டு போய் வைக்கும், அதனால அந்த ஏரியாவுக்குள்ளயே தேடுனா கிடைக்காது. மறைஞ்சு இருந்தாலும் ஃபைல் இன்புட்டுக்கு மட்டும் செண்ட் கீஸ் போகும், ஸ்டிரிக்ட் ஃபைல் இன்டராக்டபிலிட்டிங்கிற செட்டிங்கை நீங்களே ஆன் பண்ணாத வரைக்கும். டிஸ்பிளேவை பிளாக்னு மாத்துற ஸ்கிரிப்ட் எல்லாம் தேவையே இல்ல.

பாத் முழுசா இருக்கணும், புள்ளி வச்சு ஆரம்பிக்கிற ரிலேட்டிவ் பாத்தை குரோம்டிரைவர் ஏத்துக்காது. நிறைய ஃபைல் ஒரே தடவைல போகணும்னா பாத்துக்கு நடுவுல புது வரி எழுத்தைப் போட்டு ஒரே ஸ்ட்ரிங்கா அனுப்புங்க, இன்புட்ல மல்டிபிள் இருந்தாதான் வாங்கும்.

ஆட்டோஐடி, ஜாவா ரோபோட் மாதிரி ஓஎஸ் லெவல்ல கீயை அழுத்துற டூல் வச்சு அந்த டயலாக்ல டைப் பண்ணலாம்னு எல்லா டுடோரியல்லயும் இருக்கே?

இருக்கு, இன்டர்வியூல கூட கேக்குறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். அந்த டயலாக் பிரவுசரோடது இல்ல, ஓஎஸ்ஸோடது. ஹெட்லெஸ்ல (திரையே இல்லாம பிரவுசர் ஓடுறப்ப) அது வரவே வராது, ஸ்கிரீன் லாக் ஆன மெஷின்ல கீ போய் சேராது, ஒரே நேரத்துல ரெண்டு டெஸ்ட் ஓடுனா ஒண்ணோட பாத் இன்னொண்ணோட டயலாக்ல விழும், டெஸ்ட்டை தானா ஓட்டுற லினக்ஸ் சிஐ மெஷின்ல ஆட்டோஐடியே கிடையாது. செண்ட் கீஸ் ஒரு வரில முடிக்கிற வேலைக்கு இவ்வளவு பாடு எதுக்கு? பேஜே டயலாக்கைத் திறந்துதான் ஆகணும்னா பிளேரைட்ல ஃபைல் சூசர் ஈவென்ட்டுக்கு காத்திருந்து பிடிச்சுக்கலாம், டயலாக் திரைக்கு வராமலே ஃபைல் உள்ள போயிடும்.

என் லேப்டாப்ல பாஸ் ஆகுது, கிரிட்ல (டெஸ்ட்டை வேற மெஷின்ல இருக்குற பிரவுசர்ல ஓட்டுற செட்டப்) போட்டா ஃபைல் நாட் ஃபவுண்ட்னு வருது.

ஃபைல் உங்க மெஷின்ல இருக்கு, பிரவுசர் வேற மெஷின்லயோ டாக்கர் கன்டெய்னர்லயோ இருக்கு, பாத்தைத் தேடுறது அங்க. ஜாவால ரிமோட் டிரைவருக்கு லோக்கல் ஃபைல் டிடெக்டரை செட் பண்ணுங்க, அது ஃபைலை ஜிப் பண்ணி அந்தப் பக்கம் அனுப்பி அங்க இருக்குற பாத்தை பிரவுசருக்கு கொடுக்கும். பைத்தான்ல ரிமோட்டுக்கு இது தானாவே ஆன்ல இருக்கும்.

சைப்ரஸ் பேஜுக்குள்ளதானே ஓடுது, அது மட்டும் எப்படி ஃபைல் போடுது?

நல்ல கேள்வி. வேல்யூவை எழுதத்தான் தடை, ஃபைல்ஸ்னு இன்னொரு பிராப்பர்ட்டி இருக்கு, அதுக்கு ஒரு ஃபைல் லிஸ்டைக் கொடுக்கலாம். டேட்டா டிரான்ஸ்ஃபர் ஆப்ஜெக்ட் ஒண்ணு புதுசா உருவாக்கி, அதுல மெமரியிலயே செஞ்ச ஒரு ஃபைல் ஆப்ஜெக்டை சேத்து, அதோட லிஸ்டை இன்புட்டுக்கு கொடுத்து, சேஞ்ச் ஈவென்ட்டை எழுப்பி விடுறது. சைப்ரஸ் 9.3ல வந்த செலக்ட் ஃபைல் பண்றது இதைத்தான். இது ஓட்டை இல்லையான்னு கேப்பீங்க. இல்ல. அந்த ஃபைலுக்குள்ள இருக்குற பைட் எல்லாம் ஸ்கிரிப்ட் கைல ஏற்கனவே இருந்தது, டிஸ்க்ல இருந்து ஒரு எழுத்து கூட எடுக்கல. தன்கிட்ட இருந்ததை தானே அனுப்புறதுல திருட்டு ஏது? டெஸ்ட் ஃபைலை சைப்ரஸ் டிஸ்க்ல இருந்து படிக்குதே அது பின்னாடி தனியா ஓடுற அதோட நோட்.ஜேஎஸ் புராசஸ் வழியா, பிரவுசருக்கு வெளிய.

ஸ்கிரிப்ட்ல கிளிக் கொடுத்தா டயலாக் வரல, கையால கிளிக் பண்ணா வருது.

ஒவ்வொரு ஈவென்ட்டுலயும் ஈஸ் டிரஸ்டட்னு ஒரு குறி இருக்கு. பிரவுசரே எழுப்புனா ட்ரூ, ஸ்கிரிப்ட் எழுப்புனா ஃபால்ஸ், அதை ஸ்கிரிப்டால மாத்த முடியாது. ஃபைல் டயலாக், பாப்அப் விண்டோ, கிளிப்போர்ட் மாதிரி விஷயத்துக்கு யூசர் கொஞ்ச நேரம் முன்னாடி நிஜமா எதையாவது தொட்டிருக்கணும். குரோம்ல அந்த அனுமதி சில நொடிதான் நிக்கும், அதனால கிளிக்குக்கு அப்புறம் ஏபிஐ கால் ஒண்ணு போயிட்டு மெதுவா திரும்பி வந்து டயலாக்கைத் திறக்கப் பாத்தா அதுவும் தோத்துடும், இது யூசருக்கும் நடக்கும், டெவலப்பர் கிட்ட பக்னு சொல்லலாம். வெப்டிரைவர் கிளிக் டிரஸ்டட்தான். எக்ஸிக்யூட் ஸ்கிரிப்ட்ல கொடுக்குற கிளிக் அப்படி இல்ல. எலிமென்ட் கிளிக் ஆகலன்னா உடனே ஜேஎஸ் கிளிக் போடுற பழக்கம் நிறைய டீம்ல இருக்கு, பட்டன் மேல வேற ஏதோ மூடியிருந்தா அது நிஜ யூசருக்கும் கிளிக் ஆகாதுங்கிற விஷயம் அதுல மறைஞ்சு போகுது.

பேமென்ட் பேஜ்ல கார்டு நம்பர் பாக்ஸ் கண்ணுக்குத் தெரியுது, லொகேட்டர்ல கிடைக்க மாட்டேங்குது.

அது வேற டொமைன்ல இருந்து வர்ற ஐஃப்ரேம், அதாவது பேஜுக்குள்ள வச்ச இன்னொரு பேஜ். கடைக்காரரோட பேஜே கார்டு நம்பரைப் பாக்கக் கூடாதுன்னுதான் பேமென்ட் கேட்வே அந்த பாக்ஸை தன்னோட ஃப்ரேம்ல வைக்குது, வெளிப் பேஜோட ஸ்கிரிப்ட் உள்ள எட்டிப் பாத்தா ஒண்ணுமில்லைங்கிற நல் (null) வேல்யூதான் வரும். டிரைவருக்கு அந்தத் தடை இல்ல, ஸ்விட்ச் டு ஃப்ரேம் போட்டு உள்ள போங்க, முடிஞ்சதும் டீஃபால்ட் கன்டென்ட்டுக்குத் திரும்புங்க. கார்டு நம்பர், எக்ஸ்பைரி, சிவிவி மூணுக்கும் தனித்தனி ஃப்ரேம் வைக்கிற கேட்வேயும் உண்டு. கேட்வே கொடுக்குற டெஸ்ட் கார்டு நம்பரை மட்டும் போடுங்க.

பாஸ்வேர்ட் பாக்ஸ்ல புள்ளி புள்ளியா தெரியுது, வேல்யூ படிச்சா காலியா இருக்கு.

குரோம் சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்டை நிரப்பியிருக்கு. பேஜ் லோட் ஆனதும் நிரப்புறது திரைக்கு மட்டும்தான், யூசர் பேஜ்ல ஒரு கிளிக்கோ கீயோ அழுத்துன பிறகுதான் ஸ்கிரிப்டுக்கு வேல்யூ தெரியும். இந்த எச்சரிக்கைக்கும் காரணம் இருக்கு. 2017 டிசம்பர்ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூணாம் ஆள் டிராக்கிங் ஸ்கிரிப்ட் சிலது மறைவா ஒரு லாகின் ஃபார்மைப் போட்டு, பாஸ்வேர்ட் மேனேஜர் அதுல தானா நிரப்புற ஈமெயிலை எடுத்துக்கிட்டு போறதைக் கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க.

அது ஏன் எனக்கு வருது, டெஸ்ட் புரொஃபைல்ல பாஸ்வேர்டே சேவ் ஆகாதே?

உங்க சொந்த குரோம் புரொஃபைலை டெஸ்டுக்கு கொடுத்திருப்பீங்க. லாகினைத் தவிர்க்க நிறைய பேரு இதைப் பண்றாங்க, ரிமோட் டீபக்கிங் போர்ட்டைத் திறந்து ஏற்கனவே லாகின் ஆன பிரவுசரோட ஒட்டிக்கிறது. அந்த போர்ட்டுக்கு பாஸ்வேர்ட் எதுவும் இல்ல, உங்க மெஷின்ல ஓடுற எந்த புரோகிராமும் அது வழியா உங்க குக்கீ எல்லாத்தையும் அள்ளிக்கலாம், அள்ளவும் செஞ்சுது சில மால்வேர். அதனால 2025ல குரோம் 136ல இருந்து டீஃபால்ட் புரொஃபைல்ல அந்த போர்ட்டைத் திறக்குற ஃபிளாக் (குரோமை ஆரம்பிக்கிறப்ப கொடுக்குற ஆப்ஷன்) வேலை செய்யாது, தனி யூசர் டேட்டா ஃபோல்டர் கொடுத்தாதான் போர்ட் திறக்கும். திடீர்னு கனெக்ட் ஆகலன்னு புலம்புறவங்களுக்கு பதில் இதுதான். டெஸ்டுக்குத் தனி புரொஃபைல் வச்சு அதுல ஒரு தடவை லாகின் பண்ணி அந்த நிலையை சேவ் பண்ணிக்கோங்க.

வேற டொமைனைத் தொடக் கூடாதுங்கிற தடையை அணைக்குற டிசேபிள் வெப் செக்யூரிட்டி ஃபிளாக்கும் இதே ரகம்தான். அதைப் போட்டு பாஸ் ஆன டெஸ்ட், யூசரோட பிரவுசர்ல அந்த ஃபார்ம் போகுமா போகாதான்னு உங்களுக்கு எதுவுமே சொல்லல. சர்வர்ல கோர்ஸ் செட்டிங் (எந்த டொமைன் பேஜ் தன்னோட பதிலைப் படிக்கலாங்கிற அனுமதி) தப்பா இருந்தா கூட அந்த ஃபிளாக் மூடி மறைச்சுடும்.

ரீட்ஒன்லி, டிசேபிள்ட், மேக்ஸ்லென்த் இதெல்லாம் ஸ்கிரிப்ட்ல ஈஸியா தாண்ட முடியுது, ஃபைல் பாக்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு கெட்டி?

ஏன்னா அந்த மூணும் செக்யூரிட்டியே இல்ல, யூசருக்கு வசதிக்காக வச்சது. மேக்ஸ்லென்த் 10னு இருந்தாலும் ஸ்கிரிப்ட் 500 எழுத்து வச்சா பிரவுசர் கேக்காது, சப்மிட்டும் ஆகும். அக்செப்ட்ல பிடிஎஃப்னு போட்டிருந்தாலும் டயலாக்ல வேற ஃபைலை எடுக்க முடியும். ஃபைல் பாக்ஸ் தடை யூசரை பேஜ் கிட்ட இருந்து காப்பாத்துது, ரீட்ஒன்லி யார்கிட்ட இருந்தும் யாரையும் காப்பாத்தாது. விலை பாக்ஸை ரீட்ஒன்லி ஆக்கிட்டு அதுல வர்ற தொகையை சர்வர் அப்படியே நம்புற ஃபார்ம் இன்னிக்கும் இருக்கு. அதனால ரெண்டு டெஸ்ட் எழுதுங்க, யூசரால மாத்த முடியலைங்கிறது ஒண்ணு, பிரவுசரே இல்லாம நேரா ரிக்வெஸ்ட் அனுப்பினா சர்வர் திருப்பி அனுப்புதாங்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் பெரிய விஷயம்.

டிராப்டவுன், தேதி பாக்ஸ்?

செலக்ட் லிஸ்ட் திறக்குறப்ப வர்ற பட்டியலை பிரவுசர் தனியா வரையுது, ஸ்கிரீன்ஷாட்ல வராமப் போகலாம், செலக்ட் கிளாஸ் வச்சு ஆப்ஷனை எடுங்க போதும். தேதிக்கு குரோம்ல செண்ட் கீஸ் கொடுத்தா பிரவுசரோட லொகேல் (மொழி, நாடு செட்டிங்) வரிசைல டைப் பண்ணணும், பிளேரைட் ஃபில்லுக்கு வருஷம்-மாசம்-தேதி.

கேப்சா, ஓடிபி, பாஸ்கீ வந்தா எப்படித் தாண்டுறது?

தாண்டக் கூடாது. கேப்சா வச்சதே ஸ்கிரிப்டை நிறுத்தத்தான், உங்க ஸ்கிரிப்ட் நிக்குதுன்னா அது ஒழுங்கா வேலை செய்யுது. டெஸ்ட் என்விரான்மென்ட்ல ரீகேப்சா வி2க்கு கூகுளே கொடுக்குற டெஸ்ட் கீயைப் போடச் சொல்லுங்க, எப்பவும் பாஸ் ஆகும். ஓடிபிக்கு டெஸ்ட் நம்பரும் மாறாத கோடும் டெவலப்பர் கிட்ட கேளுங்க. பாஸ்கீக்கு வெர்ச்சுவல் ஆதென்டிகேட்டர்னு வெப்டிரைவர்லயே வழி இருக்கு, செலினியம் 4ல கிடைக்கும். அடுத்தவங்க சைட்ல இதையெல்லாம் எப்படி ஏமாத்துறதுன்னு கேட்டா நான் பதில் சொல்றதில்ல.

எங்க ஆப்ல ஃபைல் இன்புட்டே இல்ல, டிஓஎம் (பேஜ்ல இருக்குற எலிமென்ட் எல்லாத்தோட மரம்) முழுக்கத் தேடிட்டேன். ஆனா பட்டன் அழுத்தினா டயலாக் வருது.

ஷோ ஓபன் ஃபைல் பிக்கர்ங்கிற புது ஏபிஐயை யூஸ் பண்றாங்க, குரோம் 86ல, 2020ல வந்தது. ஹெச்டிடிபிஎஸ்லயோ லோக்கல்ஹோஸ்ட்லயோதான் ஓடும், நிஜ கிளிக் வேணும், செண்ட் கீஸ் அனுப்ப எலிமென்ட் கிடையாது. பேஜ் லோட் ஆகுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கிரிப்ட் விட்டு அந்த ஃபங்ஷனுக்குப் பதிலா உங்களோட ஒண்ணை வச்சு, மெமரில செஞ்ச ஃபைலைத் திருப்பிக் கொடுக்கலாம், பிளேரைட்ல ஆட் இனிட் ஸ்கிரிப்ட் இதுக்கு சரியா வரும். டயலாக்கை இதுல டெஸ்ட் பண்ண முடியாது, டயலாக்குக்கு அப்புறம் உங்க ஆப் ஃபைலை என்ன பண்ணுதுங்கிறதை டெஸ்ட் பண்ணலாம். அந்த ஏபிஐ இல்லாத பிரவுசருக்காக டெவலப்பர் பழைய ஃபைல் இன்புட்டையும் மாத்து வழியா வச்சிருக்காரான்னு கேட்டுப் பாருங்க, வச்சிருந்தா அந்தப் பாதையை செண்ட் கீஸ்லயே முழுசா ஓட்டிடலாம்.